புகைபோக்கி அடுப்பை அபாயமின்றி அமைக்கும் முறை

எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலுங்கூட நமது கிராமங்களில் விறகடுப்பு அறவே நீங்கிவிடவில்லை. நெல் அவிப்பதற்கும், வெந்நீர் காய்ச்சுவதற்கும், மாடுகளுக்குக் கொள்ளு வேகவைப்பதற்கும், அறுவடைக் காலத்தில் ஆட்களுக்குச் சமைப்பதற்கும் விறகே உபயோகப்பட்டு வருகிறது. பருத்திமார், துவரைமார், தென்னைமட்டை, சீமைக்கருவேல் முதலியன பணச் செலவின்றிக் கிடைக்கும்போது குடியானவர் அவற்றை எரிப்பது இயல்பே. ஆயினும், அவ்வடுப்பின் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் வீட்டுப் பெண்டிரும் அவர்கள் அருகிலிருக்கும் குழந்தைகளுமே என்பதைச் சிந்தித்தல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2020-ம் ஆண்டில் வீட்டுப் புகையின் காரணமாக உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

இதற்குப் பரிகாரமாகப் புகைபோக்கி வைத்த அடுப்பு நெடுநாளாக அறியப்பட்டதே. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர் 1953-ல் இதைக் குறித்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். பின்னர் 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மத்திய அரசாங்கத்தார் நாடெங்கும் மேம்பட்ட அடுப்புகளைப் பரப்பினர். 2002-ல் அத்திட்டம் முடிவுறுவதற்குள் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. எனினும் அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. குழாய் அடைபட்டபோது துடைப்பாரில்லை. விரிசல் கண்டபோது பூசுவாரில்லை. ஆகவே அடுப்பை அமைக்கும் முறையோடு அதைக் காக்கும் முறையையும் அறிதல் அவசியம். சரியாக அமையாத புகைபோக்கி, புகையை வெளியேற்றுவதற்குப் பதிலாக நெருப்பைக் கூரைக்குக் கொண்டுபோகும்.

இடம் தெரிந்தெடுத்தல்:— அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருத்தல் நலம். கதவுக்கு நேர் எதிராக வைத்தால் காற்று வீசி நெருப்பைக் கலைக்கும். விறகுக் குவியல், குதிர், சாக்கு, எண்ணெய்ப் பாத்திரம் ஆகியவை அடுப்புக்கு 3 அடிக்குள் இருக்கலாகாது. புகைபோக்கி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டுமாதலால், அறையில் ஒரு சன்னலேனும் திறந்திருக்க வேண்டும்.

அடுப்பின் அமைப்பு:— நம் வீடுகளிலுள்ள கொடியடுப்பே இதற்கு ஏற்ற ஆரம்பமாகும். தலையடுப்பின் அனல் ஒரு துளை வழியாகக் கொடியடுப்புக்குச் செல்லுகிறதல்லவா? அக்கொடியடுப்புக்கு அப்பால் புகைபோக்கியை நிறுத்திவிட்டால் புகையும் அதே வழியாக வெளியேறும். ஆனால் ஒரு மாறுதல் செய்தாக வேண்டும். சாதாரண அடுப்பில் பானையைத் தாங்கும் மூன்று குமிழ்களின் சந்து வழியாகப் புகை வெளிவருகிறது. புகைபோக்கி அடுப்பில் குமிழ்கள் கூடா. பானை வாய்விளிம்பில் இடைவெளியின்றிப் பொருந்தி உட்கார வேண்டும். ஓர் அடுப்பில் பானை வையாத நேரத்தில் அதன் வாயை மூடிவைக்க வேண்டும். இவ்விரண்டையும் கவனியாவிடில் எவ்வளவு உயர்ந்த குழாய் வைத்தாலும் புகை அறையிலேயே தங்கும்.

புற்றுமண் அல்லது களிமண்ணுடன் மணலும், பதரும், சிறிது சாணமும் கலந்து பிசைந்து, சுவர்களை 4 அங்குலக் கனத்துக்குக் குறையாமல் எழுப்புக. அனல் செல்லும் துளையும் குழாயின் உள்வாயும் ஏறக்குறைய 4 அங்குல விட்டமுடையனவாக இருக்கட்டும். கட்டிய அடுப்பை நிழலில் நன்றாக உலரவிட்டு, வெடிப்புகளைப் பூசி அடைத்தபின், சில நாட்கள் சிறு தீயே மூட்டிப் பழக்குக.

புகைபோக்கி:— சூடான காற்று இலேசாகையால் மேலெழுகிறது. குழாய் உயர உயர இழுப்பும் வலுக்கும். ஆதலின் குழாயை நேராக நிறுத்தி, அதன் வாய் கூரை முகட்டுக்கு மேல் 3 அடியேனும் உயர்ந்திருக்குமாறு செய்க. வளைவு தவிர்க்கக்கூடாததாயின் செங்கோணமாகத் திருப்பாமல் சாய்வாகத் திருப்புக. மேற்குழாயின் நுனி கீழ்க்குழாயின் வாய்க்குள் இறங்குமாறு இணைத்தால், உள்ளே கசியும் கரிநீர் வெளியில் வழியாது. உச்சியில் வைக்கும் மழைமூடிக்கும் குழாய்க்கும் நடுவே 4 அங்குல இடைவெளி விடுக. அடியில் கரி எடுப்பதற்கு மூடியுடன் கூடிய ஒரு துளை இருத்தல் வேண்டும். சுட்ட மண்குழாய், செங்கற் கட்டடம், இரும்புத் தகட்டுக் குழாய் ஆகியவை ஏற்றவை. பிளாஸ்டிக் குழாய் உருகி எரியும். கல்நார் சிமெண்டுக் குழாயை அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு செய்யும். இவ்விரண்டும் வேண்டா.

கூரையைக் கடக்குமிடம்:— பெரும் அபாயம் இங்கேதான் உள்ளது. இரும்புக் குழாய்க்கும் கைமரம், சட்டம், மூங்கில் முதலிய எரியக்கூடிய எப்பொருளுக்கும் நடுவே 18 அங்குல தூரம் இருக்க வேண்டும். செங்கற் புகைபோக்கியாயின் மரத்துக்கு 2 அங்குல இடைவெளியேனும் தேவை. நாள்தோறும் சூடேறும் மரம் வரவரக் கரிந்து, முன்னிலும் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் தன்மையடைகிறது. பல மாதங்கள் ஒன்றும் நேரவில்லை என்பதால் மரம் பத்திரமாயிருக்கிறது என்று நம்புதல் தவறு. குழாயைச் சுற்றியுள்ள சந்தை வைக்கோல், சாக்கு, கயிறு ஆகியவற்றால் அடைக்காமல் தகட்டால் மூடுக.

கீற்று, பனையோலை, வைக்கோல் வேய்ந்த கூரையின் ஊடே புகைபோக்கியைச் செலுத்தவே கூடாது. அத்தகைய வீடுகளில் அடுக்களையை மட்டுமாவது தனியே ஓட்டுக்கூரையுடன் கட்டுதல் உத்தமம். வைக்கோற்போரும் மாட்டுக் கொட்டகையும் புகைபோக்கியிலிருந்து பொறி பறக்கும் திசையில் அமையாதிருக்கப் பார்த்துக்கொள்க.

முதற் சோதனை:— அடுப்பு வாயில் எரியும் ஓலைத் துண்டொன்றைப் பிடித்துக் குழாயைச் சூடாக்கியபின், புகையும் ஊதுவத்தியை அவ்வாயருகே காட்டுக. புகை உள்நோக்கி இழுபட்டால் அமைப்பு சரி. வெளியே திரும்பினால் குழாயின் உயரம், அடைப்பு, பானைச் சந்து, சன்னல் ஆகியவற்றை முறையே பரிசோதிக்க வேண்டும்.

விறகும் பராமரிப்பும்:— பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தலுண்டு. அந்நீரை ஆவியாக்குவதிலேயே அனல் வீணாகிறது. கரியும் குழாயில் மிகுதியாகப் படிகிறது. ஆகவே மழைக்கு முன்பே விறகைப் பிளந்து கூரையடியில் உலர்த்துக. சாணத்தை வறட்டியாக்கி எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து நிலத்துக்குச் சேராமற் போகிறது. அதை எருக்குழியில் இடுவதே மேல்.

மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியபின், நீண்ட கழியில் துணியோ கயிற்றுத் தும்போ கட்டிக் குழாயைத் துடைக்க வேண்டும். படிந்த கரி உள்ளேயே தீப்பற்றினால் குழாயில் பேரிரைச்சல் கேட்கும். அப்போது விறகை வெளியே இழுத்து, அடுப்பு வாயை ஈரமண்ணால் அடைத்து, வீட்டிலுள்ளோரை வெளியேற்றித் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டு, கூரையின்மேற் கண் வைத்திருக்க வேண்டும். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்து நெருப்பைச் சிதறச் செய்யும். தணல் கனன்றுகொண்டிருக்கும்போது குழாய் வாயை மூடுவதும், கரித்தணலை அடைத்த அறையில் வைத்து உறங்குவதும் உயிருக்கே ஆபத்து. அதனின்று எழும் நச்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

புகைபோக்கி அறைப்புகையைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. அன்றாடச் சமையலுக்கு எரிவாயு கிடைக்குமாயின் அதுவே தூயது. விறகைத் தவிர்க்க இயலாத இடங்களில் மேற்கூறிய முறைகளைக் கைக்கொள்க. நிலச்சுவான்தார்கள் தங்கள் வீட்டிலும், தங்களிடம் வேலை செய்வோர் வீடுகளிலும் ஒவ்வோர் அடுப்பைச் செம்மையாக அமைத்துக் காட்டினால் மற்றையோர் தாமே பின்பற்றுவர். கிராம அதிகாரிகள் ஊரிலுள்ள கொத்தனார் ஒருவருக்கேனும் இவ்வேலை பழக்கப்படும்படி செய்து, கோடை தொடங்குமுன் ஆண்டுதோறும் புகைபோக்கிகளைப் பார்வையிடுவார்களானால், ஒரு வீட்டின் கவனக்குறைவால் தெருவே எரியும் துன்பத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம்.