ரன் வரவில்லையா? பேட்டை மாற்றாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு அலாரம். கிட் பேக்கைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு சேலையூரிலிருந்து வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம் சாலை. கிரவுண்டு வாடகையில் உங்கள் பங்கு, பந்துக்கு உங்கள் பங்கு, டிபனுக்கு உங்கள் பங்கு. எல்லாம் கொடுத்துவிட்டு, நாலாவது ஓவரிலேயே பேடைக் கழற்றியபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தொடர்ந்து நாலாவது வாரம். "விடு மச்சான், நல்ல பால்" என்று சொன்னவன் குரலில்கூட இந்த முறை சுருதி இறங்கியிருக்கிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், சிறுசேரி பக்கம் வாரத்தில் ஐந்து நாள் லேப்டாப்பும் மிச்ச நாள் பேட்டும் தூக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீக் கிளப்பில் ஆடிக்கொண்டு வேலைக்கும் முயற்சி செய்கிற தம்பிகளுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. பத்து இன்னிங்ஸில் நாலில் ஒற்றை இலக்கத்தில் அவுட்டாகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் மட்டத்தில் இவர் நல்ல பேட்ஸ்மேன்தான். சீசனுக்கு 15 இன்னிங்ஸ் ஆடுகிறார். ஆட்டத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலே, தாயக்கட்டை உருள்வதுபோல் ரன்கள் வந்து விழுந்தாலும், அவர் தொடர்ந்து மூன்று முறை ஒற்றை இலக்கத்தில் போகும் கட்டம் அந்த சீசனில் ஒரு தடவையாவது வருவதற்கு நூற்றுக்கு 45 வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மூன்று வாரம் ரன் வராததற்கெல்லாம் ஃபார்ம் போச்சு என்று பெயர் வைத்தால், தெருவில் பாதிப் பேருக்கு ஃபார்ம் இல்லை.

2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரில் சூர்யகுமார் யாதவ் மூன்று ஆட்டத்திலும் முதல் பந்திலேயே அவுட்டானார். முதல் இரண்டும் ஸ்டார்க்கிடம் எல்பிடபிள்யூ. மூன்றாவது நம் சேப்பாக்கத்தில், 22-ஆம் தேதி. ஏழாவது ஆளாகப் பின்னால் தள்ளி இறக்கியும் ஏகர் பந்தில் போல்டு. டீக்கடை முதல் டிவி வரை அவர் டெக்னிக்கைக் கூறு போட்டார்கள். அந்தத் தொடரில் அவர் ஆடியதோ மொத்தம் மூன்றே பந்து. மூன்று பந்தை வைத்து ஒருவருடைய ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அந்த மாதக் கடைசியில் தொடங்கிய ஐபிஎல்லில் ஆரம்பத்தில் தடுமாறினாலும் 605 ரன் எடுத்து முடித்தார். ஒருநாள் அணியில் அவர் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

எனவே, ஐந்தாறு இன்னிங்ஸ் போகும்வரை எதையும் மாற்றாதீர்கள். அதற்குள் ஒரு வேலை செய்யலாம். அவுட்டானதை எழுதி வையுங்கள். எத்தனை பந்து பிடித்தீர்கள், யார் போட்டது, என்ன பந்து, என்ன ஷாட், முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள். போனில் நாலு வரி போதும். அன்றைக்கே எழுத வேண்டும். புதன்கிழமை எழுதினால் அதற்குள் அந்தப் பந்து இரண்டு பக்கமும் ஸ்விங் ஆகியிருக்கும்.

நான் ஒரு சீசன் முழுக்க இப்படி எழுதினேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேதான் எனக்குப் பலவீனம் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பட்டியலைப் பார்த்தால் ஒன்பது அவுட்டில் ஆறு, முதல் எட்டுப் பந்துக்குள். அதில் ஐந்து, நேர்ப் பந்தை லெக் சைடில் இழுத்து அடித்தது. ஆஃப் ஸ்டம்பு பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. (மீதி மூன்றில் ஒன்று எல்பிடபிள்யூ. அம்பயராக நின்றது எங்கள் டீம் பையன்தான். அதை இன்னும் மன்னிக்கவில்லை.)

அப்படி இழுத்து அடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து. வலை கட்டி விளக்குப் போட்ட டர்ஃப்கள் இப்போது நம் பக்கம் மூலைக்கு மூலை வந்துவிட்டன. ஆபீஸ் முடிந்து ஒன்பது மணிக்கு அங்கே பாக்ஸ் கிரிக்கெட், ஞாயிறு காலை லெதர் பந்து. இரண்டும் கிரிக்கெட் என்றுதான் நினைக்கிறோம். சாதாரண டென்னிஸ் பந்து அறுபது கிராமுக்குள் இருக்கும். லெதர் பந்து 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து குதித்து, மெதுவாக வருகிறது. முன்காலை விலக்கி, இடம் பண்ணிக்கொண்டு, கையை மட்டும் வீசினாலும் அது வலையில் போய் விழும். லெதர் பந்து வழுக்கிக்கொண்டு வரும், தையல் பட்டால் திரும்பும். விலகிய முன்கால் விட்டுப்போன இடைவெளியில் அது நேராக ஸ்டம்புக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை இருநூறு முறை கைக்குப் பழக்கியதை ஞாயிற்றுக்கிழமை முதல் ஓவரில் மறந்துவிடச் சொன்னால் கை கேட்குமா?

ரன் வராத காலத்தில் என் முதல் யோசனை, ஆறு வாரம் பாக்ஸ் கிரிக்கெட்டுக்கு லீவு. நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். போய்ப் பந்து போடுங்கள், பேட் மட்டும் பிடிக்காதீர்கள்.

ஃபார்ம் போனதும் அமெச்சூர் முதலில் செய்வது எதையாவது சேர்ப்பது. புது பேட், புது கிரிப், யூடியூபில் பார்த்த புது ஸ்டான்ஸ், டீமில் ஆளுக்கொரு ஆலோசனை. "தலை விழுது ஜி" என்பான் ஒருவன், "பேக்லிஃப்ட் பாருங்க ப்ரோ" என்பான் இன்னொருவன். அடுத்த பந்து வரும்போது மண்டைக்குள் ஒரு கமிட்டி மீட்டிங் நடந்துகொண்டிருக்கும். புது இங்கிலீஷ் வில்லோ வாங்கினாலும் அதைப் பழக்கவே பல மணி நேரம் தட்ட வேண்டும். அதற்குள் சீசன் முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது குறைப்பது. 2003-04 ஆஸ்திரேலியத் தொடரில் முதல் மூன்று டெஸ்டில் டெண்டுல்கரின் ஸ்கோர் 0, 1, 37, 0, 44. ஆஃப் பக்கம் டிரைவ் அவரைக் காலை வாரிக்கொண்டிருந்தது. சிட்னி டெஸ்டில் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். 436 பந்து, ஆட்டமிழக்காமல் 241. உலகமே ரசித்த ஷாட்டை அவரால் விட முடிந்தது. நம்முடைய மிட்விக்கெட் இழுவையை யார் ரசித்தார்கள்?

பட்டியலில் எந்த ஷாட் அதிகம் இருக்கிறதோ, அதை முதல் 15 பந்துக்குத் தடை செய்யுங்கள். 20 ஓவர் மேட்சில் 15 பந்தா என்று கேப்டன் முறைப்பார். கட்டை போடச் சொல்லவில்லை. நேராக ஆடுங்கள், சிங்கிள் ஓடுங்கள். 15 பந்தில் எட்டு சிங்கிள் வந்தால் நம் மட்டத்தில் அது நல்ல தொடக்கம்.

முதலில் நின்று ஆடினால் ரன் பின்னால் வரும் என்பதற்கு நம் பக்கத்து ஆள் ஒருவரே சாட்சி. அஸ்வின் பி.டெக் படித்தது கேளம்பாக்கம் தாண்டி, காலவாக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்என் கல்லூரியில். 2016-ல் வெஸ்ட் இண்டீஸில் அடித்த சதத்துக்குப் பிறகு நாலரை வருடம் டெஸ்டில் அவருக்குச் சதம் இல்லை. 2021 ஜனவரியில் சிட்னியில் முதுகு வலியோடு நின்று, 128 பந்து ஆடி 39 ரன், அவுட்டாகவில்லை. மேட்ச் டிரா. அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக, சுழன்று திரும்பிய ஆடுகளத்தில் 106.

வாசகர் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி போடலாம். அந்த 106-ல் அவர் ஸ்வீப் ஆடினாரே, அது புது ஷாட்டைச் சேர்ப்பதுதானே? உண்மைதான். ஆனால் வரப்போகிற ஆடுகளம் எப்படி இருக்கும் என்று தெரிந்து, முன்னாடியே நெட்ஸில் பழகிவிட்டுத்தான் அதை எடுத்து வந்தார். சனிக்கிழமை ராத்திரி ரீல்ஸில் பார்த்துவிட்டு ஞாயிறு காலை முயற்சி செய்யவில்லை.

"நெட்ஸில் நல்லாத்தான் அடிக்கிறேன், மேட்ச்லதான் வரலை." இதைச் சொல்லாத ஆளே கிடையாது. நெட்ஸில் அவுட்டானால் என்ன நடக்கிறது? பந்தைப் பொறுக்கித் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி நிற்கிறோம். அதனால் விதியை மாற்றுங்கள். ஆளுக்கு 12 பந்து, அவுட்டானால் வெளியே, மறுபடி வரிசையில் கடைசி. முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் ஒருவரும் முதல் பந்தைத் தூக்கி அடிக்க மாட்டார்கள். நெட்ஸ் கிடைக்கவில்லையென்றால் மொட்டை மாடி இருக்கிறது. பழைய சாக்ஸில் பந்தைப் போட்டுத் துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டு, தினமும் பத்து நிமிடம் நேர் பேட்டில் தட்டுங்கள். மூன்று தலைமுறை இதில் பழகியிருக்கிறது.

டெக்னிக்கில் பெரிய மாற்றம் வேண்டுமென்றால் மழைக்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். ஐப்பசி பிறந்து முடிச்சூர் பக்கம் மைதானங்கள் குளமாகும்போது, உங்களைத் திருத்திக்கொள்ள நேரம் தானாகக் கிடைக்கும். சும்மா இருப்பதும் ஒரு வழிதான். 2022 ஆசியக் கோப்பைக்கு முன் விராட் கோலி ஒரு மாதம் பேட்டையே தொடவில்லை. அந்தத் தொடரில்தான், 2019 நவம்பருக்குப் பிறகு அவருடைய முதல் சதம் வந்தது.

வயது முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தால் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் திரையைப் பார்த்த கண்ணுக்குப் பந்து தாமதமாகத் தெரிகிறதை நாம் ஃபுட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்போம். இளைய பட்டோடி 1961 ஜூலையில் கார் விபத்தில் வலது கண் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் 103 அடித்தார். பார்வையில் என்ன குறை என்று தெரிந்ததால், அதற்கேற்ப நின்று ஆடினார். நமக்குத் தெரிந்தால் ஒரு கண்ணாடியோடு போகும்.

தூக்கமும் அப்படித்தான். ஓஎம்ஆரில் அமெரிக்க ஷிஃப்ட் முடித்து நாலு மணிக்கு வீடு வந்து, ஐந்தேகாலுக்கு எழுந்து ஓப்பனிங் இறங்குகிறவரிடம் பேக்லிஃப்டைப் பற்றி என்ன பேசுவது? அன்றைக்கு ஆறாவது ஆளாக இறங்குங்கள். டாஸுக்கு அரை மணி முன்னாடி மைதானத்தில் இருங்கள். பத்து த்ரோ டவுன்கூட ஆடாமல் பேட் கட்டுவது, வண்டியை சோக் இல்லாமல் உதைப்பது மாதிரி.

அடுத்து, ஆபீஸ் டீம். இங்கே சிக்கல், கேப்டனே உங்கள் மேனேஜராக இருப்பது. ரன் அடிக்காதது அப்ரைசலில் வந்துவிடுமோ என்ற பயம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை, ஆனால் இருக்கிறது. அவர் உங்களை உட்கார வைக்கும்வரை காத்திருக்காதீர்கள். திங்கட்கிழமை டீ நேரத்தில் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: "சார், எனக்கு இப்ப டச் இல்ல. அடுத்த ரெண்டு மேட்ச் ஆறாவதா இறங்குறேன். பாயிண்ட்ல நான் நிக்கிறேன்." இவ்வளவு போதும். காரணம் அடுக்காதீர்கள், பிட்சைத் திட்டாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். தானே இறங்கி வருகிறவரால் கேப்டனுக்கு ஒரு தலைவலி குறைகிறது. பாயிண்டில் பத்து ரன் தடுத்தவரைத் தூக்க யாருக்கும் மனம் வராது.

வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் முட்டைப் படம் வரும். நீங்களும் ஒரு முட்டை போட்டுவிட்டுப் போங்கள். விளக்கம் எழுத ஆரம்பித்தால் புதன்கிழமை வரை ஓடும். வீட்டிலும் ஒரு வார்த்தை: ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே அவுட்டானவர் மேட்ச் முடியும்வரை இருந்துவிட்டு வருவது டீமுக்கு மரியாதை. அதற்குப் பிறகும் கடுகடுவென்று வீட்டுக்குள் நுழைவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இனி, லீக் ஆடுகிற தம்பிகளுக்கு. சென்னை லீக்கில் கம்பெனி டீம்கள் கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று உண்டு. இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்பிக், கெம்பிளாஸ்ட், இந்தியா சிமெண்ட்ஸ் என்று, பேட்டிங் நன்றாக இருந்தால் சம்பளமும் வந்தது. இப்போது ரயில்வே, வங்கி, வருமான வரி போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்த நிலையில் ஆடினாய் என்றுதான் சான்றிதழைப் பார்த்துக் கேட்பார்கள். இந்த மாதம் ரன் வராததால் போன வருடச் சான்றிதழ் செல்லாமல் போகாது. அவற்றை லேமினேட் செய்யாமல், நகல் எடுத்துப் பத்திரமாக வை. அரியர் இருந்தால் முடி. ஃபார்ம் போனதைக் கோச்சிடம் மறைக்காதே. அவருக்கு உனக்கு முன்னாலேயே தெரியும்.

ஆறு வாரம் டைரி எழுதி, ஷாட்டைக் குறைத்து, தூங்கி எழுந்து, கண்ணாடி போட்டும் ரன் வரவில்லையா? நெட்ஸில் ஒரு பழைய பந்தை எடுத்துக்கொண்டு ஆஃப் ஸ்பின் போட ஆரம்பியுங்கள். நம் பக்கத்தில் அதற்கு ஆள் தேவைப்படாத டீமே இல்லை. அஸ்வினும் சின்ன வயதில் ஓப்பனிங் பேட்ஸ்மேன்தான்.