ஊருக்கேற்ற வீடு



பாகலூரைச் சுற்றி ராகியும் ரோஜாவும் விளைந்த நிலங்கள் மனைகளாகி வருகின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி வந்த குடும்பங்களுக்கு வீடு தேவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டப்படுபவை பெரும்பாலும் நகரத்து வீட்டின் நகல்கள். மேற்கே பெரிய கண்ணாடி, நிழல் தராத முகப்பு, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர். நகையை அடகு வைத்துக் கட்டிய வீட்டில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தால் அதுவும் வீண்விரயம்தான்.

இரண்டு முன்னோடிகள்

எகிப்தின் ஹசன் ஃபத்ஹீ (1900–1989) லக்ஸர் நகருக்கு அருகே 1940-களில் புதிய குர்னா கிராமத்தைச் சுடாத மண் கற்களால் கட்டினார். பள்ளிவாசலும் அதே மண்தான். தடித்த சுவரும் முற்றமும் வெயிலைத் தாங்கின. ஆனால் பழைய குர்னா மக்களின் பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. பலர் குடிவர மறுத்தனர். திட்டம் முடியாமல் நின்றது. வீடு மண்ணுக்குப் பொருந்தினால் போதாது, குடியிருப்பவரின் பிழைப்புக்கும் பொருந்த வேண்டும் என்பதே இதன் பாடம்.

இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். இதில் சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். அவர் வைத்த ஜாலிச் சுவர் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடும். தெருவில் போகிறவர் பார்வையை விடாது. பர்தா பேணும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

நம் ஊரில் செய்யக்கூடியவை

1. திசை: வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். மேற்குச் சுவரில் சன்னலைக் குறைத்து, மாடிப்படியையோ குளியலறையையோ அங்கே வையுங்கள்.

2. பொருள்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, அஸ்திவாரத்துக்கு அது போதும். சுவருக்குச் சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கட்டிகளும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய அஸ்ட்ரா அமைப்பு இதை ஆராய்ந்து வளர்த்தது. களி மிகுந்த மண் வெடிக்கும். சோதித்த பிறகே இறங்குங்கள்.

3. மழைநீர்: தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். குழாய் மட்டும் வைத்துவிட்டுத் தொட்டியை மறந்தால் அவ்வளவும் சாக்கடைக்குப் போகும்.

4. அண்டை வீடு: மனையின் கடைசி அங்குலம் வரை கட்டினால் அவர்கள் காற்றும் அடைபடும், நம் காற்றும் அடைபடும். அண்டை வீட்டாரின் உரிமை தொழுகைக்குப் பிறகு பேசும் பேச்சோடு முடிவதல்ல; சுவர் எழுப்பும்போதும் இருக்கிறது.

மேஸ்திரிக்குப் பழக்கமில்லாத வேலையை முதலிலேயே முழு வீட்டில் செய்ய வேண்டாம். காம்பவுண்டுச் சுவரிலோ ஓர் அறையிலோ செய்து பாருங்கள்.

குடும்பத்தில் கலந்து பேச

• நம் வீட்டில் பிற்பகலில் அதிகம் சூடாகும் அறை எது? ஏன்?
• வீட்டில் அதிக நேரம் இருக்கும் பெண்களிடமும் முதியவர்களிடமும் வரைபடத்தைக் காட்டினோமா?
• முகப்பு அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு நிழலுக்கும் தண்ணீருக்கும் மாற்றலாம்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றுக்குப் பதில் தேடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு மாற்றுவது கடினம்.