வீட்டை விற்குமுன் ஒழுங்கு செய்ய வேண்டிய பத்திரங்கள்

கிராமத்தில் ஒருவர் தமது வீட்டை விற்க முற்படுவது பெரும்பாலும் அவசரமான காலத்திலேயாகும். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, கடன் நெருக்கடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவரை அந்நிலைக்குக் கொண்டுவருகிறது. அச்சமயத்தில் ஒரு பத்திரம் குறைந்தாலும், வாங்க வந்தவர் பின்வாங்குவார். அல்லது அக்குறையைக் காட்டி விலையைத் தாழ்த்துவார். ஆகவே, முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டிய தஸ்தாவேஜுகள் எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மூலப்பத்திரம்

வீடு தமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதை இது காட்டுகிறது. கிரயம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றுள் எதன்வழி வந்ததாயினும் அதற்குரிய அசல் பத்திரம் கைவசம் இருத்தல் வேண்டும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டின் கிரயம், பதிவு செய்யப்பட்டாலன்றி உரிமையை மாற்றாது. ஊர்ப் பெரியோர் சாட்சிக் கையொப்பமிட்ட வெறும் சீட்டு இதற்கு ஈடாகாது. பதிவான பத்திரம் தொலைந்திருப்பின், காவல் நிலையத்தில் அறிவித்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம்.

பட்டா

நத்தத்தில் உள்ள பல வீடுகளின் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பதைக் காண்கிறோம். பெயர் மாற்றத்திற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்தல் வேண்டும். பட்டாவிலும் பத்திரத்திலும் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். அரசு இலவசமாக வழங்கிய மனையாயின், விற்பனை குறித்து அதில் எழுதியுள்ள நிபந்தனைகளை முதலில் படித்தறிய வேண்டும். வீட்டுவரி ரசீது வரி செலுத்தியதற்குச் சான்றேயன்றி, உரிமைக்குச் சான்று ஆகாது. ஆயினும் வரி நிலுவையின்றி இருத்தல் நலம்.

வில்லங்கச் சான்று

வீட்டின் மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றை இச்சான்று தெரிவிக்கும். பொதுவாக முப்பது ஆண்டுகளுக்குக் கேட்பது வழக்கம். கடனை முற்றும் அடைத்துவிட்டும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாது விடுவோர் பலர். அவ்வாறு விட்டால், தீர்ந்த கடனும் தீராத கடனைப் போலவே சான்றில் தோன்றும்.

வாரிசுகளின் சம்மதம்

விற்பனை தடைப்படுவதும் வழக்குக்குச் செல்வதும் பெரும்பாலும் இதனால்தான். தந்தை உயில் எழுதாது காலமானபின், இரு மகன்கள் வீட்டை விற்க முன்பணம் பெற்றுவிட்டனர் என்று கொள்வோம். மணமாகி வெளியூர் சென்ற சகோதரியை எவரும் கேட்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாவர். குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை மகள் பாகம் கேட்க இயலாது என்றிருந்த விதியும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆதலின், சகோதரி கையொப்பமிடாத கிரயம் மகன்களின் பங்கை மட்டுமே மாற்றும். அவளுடைய பங்கு அவளிடமே நிற்கும். பிற சமயத்தாருக்கு அவரவர்க்குரிய சட்டம் பொருந்தும்.

எனவே, வாரிசுச் சான்றிதழ் பெற்று, அதில் கண்ட அனைவரையும் கலந்தபின்னரே விலை பேசுதல் வேண்டும். பங்கு வேண்டாம் என்பவர், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தருதல் வேண்டும்; வாய்ச்சொல் போதாது. மைனருக்குத் தனிப் பங்கு இருப்பின், அதை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபைக் கூட்டங்களில் இவற்றை விளக்கலாம். பழைய பட்டாக்களை மாற்ற மனு எழுதவும் உதவலாம். ஓய்வான ஒரு நாளில் பெட்டியைத் திறந்து, உள்ள பத்திரங்களையும் இல்லாதவற்றையும் ஒவ்வொரு குடும்பத்தாரும் குறித்துக்கொள்வாராயின், நெருக்கடியான காலத்தில் வீட்டிற்கு உரிய விலை கிடைக்கும். உடன்பிறந்தாரிடையே வழக்கும் எழாது.