நவம்பரில் பனியாறு வேண்டாம்

கேள்வி: சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரில் வசிக்கிறேன். இரண்டு குளிர்காலமாக ஸ்கீ டூரிங் பழகிவருகிறேன். நவம்பர் நடுவில் யுங்ஃபிராவ்யோக் வரை ரயிலில் போய், அங்கிருந்து அலெட்ச் பனியாற்றில் இறங்கலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். கீழே இன்னும் புல்தான் தெரிகிறது. மேலே ஒரு மீட்டர் பனி விழுந்திருக்கிறதாம். போகலாமா?
– வாசகர், பேர்ண்

பதில்: வேண்டாம். ஏப்ரல் வரை பொறுத்திருங்கள்.

அந்த ஒரு மீட்டர்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஆகஸ்டில் பனியாற்றின் கீழ்ப்பகுதி வெறும் பனிக்கட்டியாகக் கிடக்கும். பிளவுகள் வாய்திறந்து தெரியும், சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஏப்ரலில் அதே பிளவுகளின் மேல் மாதக்கணக்கில் சேர்ந்து இறுகிய பனி கூரைபோட்டிருக்கும், பெரும்பாலும் தாங்கும். நவம்பரில் பிளவு கண்ணுக்கும் தெரியாது, கூரையும் தாங்காது. புதுப்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோதான், மீதி காற்று. வசந்தத்தில் இறுகிய பனி 400 கிலோ வரை இருக்கும். பிளவின் இரு விளிம்பிலிருந்தும் காற்று பனியை நீட்டி நீட்டி நடுவில் இணைத்துவிடுகிறது. அந்த நடுப்பகுதிதான் ஆக மெல்லியது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. ப்ரோப் கம்பியைக் குத்தினால்தான் தெரியும்: முழங்கை நீளத்துக்குத் தடுத்துத் தடுத்து இறங்கும் கம்பி, சட்டென்று கைப்பிடிவரை வழுக்கிக்கொண்டு போகும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

உங்கள் பயணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற பனியாறுகளில் கயிறு கட்டி மெல்ல ஏறுவோம். ஏறும்போதே நிலம் பழகிவிடும். யுங்ஃபிராவ்யோக்கில் ரயில் உங்களை 3,454 மீட்டரில் இறக்கிவிடுகிறது. ஸ்கீயை மாட்டியதும் முதல் வேலையே இறக்கம். இறக்கத்தில் கயிறு இடைஞ்சல் என்று பெரும்பாலோர் அவிழ்த்துவிடுவார்கள். பார்த்தறியாத பனியாற்றில், கயிறில்லாமல், வேகத்தோடு! இதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

போன வருடம் யாரோ போன ஜிபிஎஸ் தடத்தையும் நம்பாதீர்கள். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கன அளவில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இழந்தன. பனிக்கட்டி மெலிந்து தாழும்போது பழைய பிளவு மூடும், புதியது வேறிடத்தில் திறக்கும்.

பனிச்சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் விழுந்த பனி தெற்குச் சரிவுகளில் உருகிப்போகும். உயரமான, நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் மட்டும் தங்கும். மெல்லிய படலம், அடியில் வெப்பம், மேலே கடுங்குளிர்: இந்த நிலையில் ஈரம் ஆவியாகி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்கிவிடும். கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள், உருண்டை பிடிக்க வராது. சீனி மாதிரி விரலிடுக்கில் வழியும். அதன்மேல் புதுப்பனி ஏறி உட்கார்ந்தால், நீங்கள் ஏறும் பாரமே சரிவை அறுத்துவிடப் போதும். டாவோஸ் பனி ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் அதிலுள்ள 1 முதல் 5 வரையான அளவு பனிச்சரிவுக்கு மட்டும்தான். ‘1’ என்று போட்டிருக்கிற நாளிலும் பிளவு பிளவாகவே இருக்கும்.

நவம்பரில் எங்கே போவது? கீழே பாறையில்லாத மேய்ச்சல் நிலங்களில் போதிய பனி விழக் காத்திருங்கள். கற்குவியல்மேல் மெல்லிய பனி என்றால் முழங்கால் போய்விடும். டூரிங் ஆட்களுக்கென்று ஏறுபாதை ஒதுக்கியுள்ள ஸ்கீ தலங்களும் நல்லவை. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவருக்குப் புது பற்றரி போட்டு, ஒருவர் அதை வைத்த பையைப் புதைக்க மற்றவர் தேடிப் பழகுங்கள். புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம் பொன்னானது. உதவி ஹெலிகொப்டர் அதற்குள் வந்து சேராது, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். பிளவிலிருந்து ஆளைக் கயிற்றில் தூக்கும் முறையையும் ஒரு வழிகாட்டியிடம் இந்த மாதமே கற்றுக்கொள்ளுங்கள். நண்பர்களையும் கூட்டிப்போங்கள், ஏப்ரலில் கயிற்றின் மறுமுனையில் அவர்கள்தான் இருப்பார்கள்.