நீரிழிவும் அடங்காத அழற்சியும்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடேறுகிறது, வலிக்கிறது. இதனை மருத்துவம் அழற்சி என்று அழைக்கிறது. அழற்சி ஒரு நோயன்று. உடலின் தற்காப்பு முறை. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் காயம்பட்ட இடத்திற்கு விரைந்து சென்று கிருமிகளை அழிக்கின்றன, சிதைந்த திசுவை அகற்றுகின்றன, பணி முடிந்ததும் அடங்கிவிடுகின்றன. அவ்வாறு அடங்குவது, எழுவதைப் போலவே இன்றியமையாதது.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பலரது உடலில், இவ்வாறு அடங்காத மெல்லிய அழற்சி ஒன்று ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அதற்கு வலியோ வீக்கமோ காய்ச்சலோ இல்லை. ஆயினும் இரத்தக் குழாய்கள், சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் நேரும் பாதிப்புகளில் அதற்குக் கணிசமான பங்குண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே, இந்த மறைவான அழற்சியைப் பற்றி அறிந்துகொள்வது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பயன் தரும்.

கொழுப்புத் திசுவில் தொடக்கம்

இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டென்பதற்கான முதல் தடயம் மிகப் பழையது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டைன், அழற்சியைத் தணிக்கும் சாலிசிலேட் என்னும் மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தபோது நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார். 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம்சன் என்பவரும் அதனையே கண்டு எழுதினார். காரணம் மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோத்தாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரப்பதையும், அப்புரதத்தைச் செயலிழக்கச் செய்தால் இன்சுலின் நன்கு வேலை செய்வதையும் காட்டினர். 2003ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே மற்றோர் உண்மையை வெளியிட்டன. பருத்த உடலின் கொழுப்புத் திசுவில், மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கும் அணுக்கள் பெருந்திரளாகக் குவிந்திருக்கின்றன என்பதே அது.

நடப்பது இதுதான். தேவைக்கு மிஞ்சிய உணவு கொழுப்பணுக்களில் சேர்கிறது. அவை அளவுக்கு மேல் பருக்கும்போது சில சிதைந்து மடிகின்றன. அவற்றை அகற்ற வந்த மேக்ரோபேஜ்கள், வேலை ஓயாததால் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை வெளியிடும் இரசாயனச் செய்திகள், இன்சுலினின் கட்டளையை அணுக்கள் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து காலப்போக்கில் களைத்துப்போகிறது. தேங்கிய சர்க்கரையோ வெள்ளை அணுக்களை மேலும் தூண்டுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் உருவாகிறது.

முதல் வகை நீரிழிவின் தொடக்கம் வேறு. அதில் எதிர்ப்பு அணுக்களே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தாக்கி அழிக்கின்றன. எனினும், சர்க்கரை மிகுந்த பின் நேரும் கேடுகள் இரு வகையினருக்கும் பெரிதும் பொதுவானவை.

ஒல்லியானவருக்கும் உண்டு

“நான் பருமனாக இல்லையே” என்று எண்ணி ஆறுதல் அடைவோர் நம்மிடையே பலர். புனே நகர மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டன் நகர ஆய்வாளர் யூட்கினும் 2004ஆம் ஆண்டில் தங்கள் உடலையே ஒப்பிட்டு வெளியிட்ட குறிப்பு இதற்கு விடையாகும். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறை குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பின் அளவு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. இந்தியர் பலரது உடலில் கொழுப்பு வயிற்றினுள்ளே சேர்கிறது. அழற்சியை மிகுதியாக வளர்ப்பது அந்தக் கொழுப்பே. ஆகவே எடை பார்க்கும் கருவியைக் காட்டிலும், இடுப்பைச் சுற்றி அளக்கும் அளவுநாடா சில வேளைகளில் தெளிவான செய்தியைத் தரும். இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களாயின் 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களாயின் 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நலம்.

காவலர் மிகுந்தும் காவல் குறைவது

அழற்சி மிகுந்த உடலில் கிருமிகளுக்கு இடமிராது என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எப்போதும் கிளர்ச்சியுற்ற நிலையில் இருக்கின்றன. ஆனால் தேவைப்படும்போது கிருமியை நாடிச் செல்வதிலும் அதனை விழுங்கி அழிப்பதிலும் தளர்ந்துவிடுகின்றன.

நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணு இதற்குத் தக்க சான்று. கிருமிகளைப் பிடிக்க, அது தன் மரபுப்பொருளையே வலைபோல் வெளியே வீசுவதுண்டு. சர்க்கரை மிகும்போது அது தேவையின்றியும் வலை வீச முற்படுகிறது. 2015ஆம் ஆண்டில் பாஸ்டன் ஆய்வாளர்கள், நீரிழிவுற்ற எலிகளின் புண்ணில் இவ்வலைகள் மண்டிக் கிடந்து ஆறுவதைத் தாமதப்படுத்துவதையும், அவற்றைக் கரைத்தபோது புண் விரைந்து ஆறியதையும் காட்டினர்.

இதன் விளைவுகளை நாம் அன்றாடம் காண்கிறோம். காலில் ஏற்பட்ட சிறு கொப்புளம் ஆறாப் புண்ணாகிறது. ஈறு வீங்கிப் பற்கள் ஆட்டம் காண்கின்றன. காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுகிறது; நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் நோயாளிகளுக்குச் சர்க்கரைச் சோதனையும் செய்யப்படுவது இதனாலேயே. 2021ஆம் ஆண்டில் கொரோனாவைத் தொடர்ந்து கரும்பூஞ்சை நோய்க்கு ஆளானவர்களுள் பெரும்பாலோர் நீரிழிவு உள்ளவர்களாயிருந்தனர்.

உடல் மறவாத கணக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் 1993 வரை ஒரு பேராய்வு நடந்தது. ஒரு பிரிவினர் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். மற்றவர் அக்காலத்து வழக்கப்படி சிகிச்சை பெற்றனர். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் 2005ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் 42 விழுக்காடு குறைவாக நேர்ந்திருந்தன. அவர்களது வெள்ளை அணுக்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, பழைய சர்க்கரை அளவின் சுவடுகள் அவற்றின் மரபுப்பொருளின் மீது இரசாயனக் குறிகளாகப் பதிந்திருப்பது தெரியவந்தது.

இளமையில் தொடங்கிய சேமிப்பு முதுமையில் வட்டியோடு பயன் தருவதை நம் வாசகர்கள் அறிவார்கள். நீரிழிவு கண்டறியப்பட்ட முதல் சில ஆண்டுகளின் கட்டுப்பாடும் அத்தகையதே. தொந்தரவு ஏதும் தெரியாத அக்காலத்தில்தான் பலரும் மருந்தை ஒத்திப்போடுகின்றனர். பின்னாளில் எவ்வளவு முயன்றாலும் அந்த இழப்பை முழுமையாக ஈடுசெய்வது கடினம்.

அழற்சியை மருந்தால் அணைக்கலாமா?

இக்கேள்வியும் ஆராயப்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு, அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்தோ மருந்தற்ற போலி ஊசியோ செலுத்தப்பட்டது. மருந்தின் நடுத்தர அளவைப் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் மிகுந்தன. புதிதாக நீரிழிவு வருவதும் குறையவில்லை. தற்காப்பு முறையை அடியோடு அடக்கினால் அது தரும் காவலையும் இழக்க நேர்கிறது. ஆதலின் சாலிசிலேட் வகையைச் சேர்ந்த ஆஸ்பிரின் போன்றவற்றைத் தாமாகவே உட்கொள்வது தவறு. அழற்சிக்கு வித்திடும் காரணங்களைக் குறைப்பதே பாதுகாப்பான வழி.

கடைப்பிடிக்கத்தக்கவை

1. நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடத்தல் வேண்டும். சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் சீரானதால் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

2. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையை மருத்துவர் கூறும் கால இடைவெளியில் தவறாது செய்துகொள்ளல் வேண்டும். அன்றைய காலைச் சர்க்கரை மட்டும் முழு உண்மையைக் கூறாது.

3. பாதங்களை இரவுதோறும் பார்த்தல் வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வலிக்காது. வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்கவேண்டும்.

4. ஈறுகளில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவரை அணுகவேண்டும். ஈறு நோயைக் குணப்படுத்தினால் சராசரிச் சர்க்கரையும் ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

5. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். சளிக்காய்ச்சல், நிமோனியா ஆகியவற்றிற்கான தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம்.

6. புகைத்தலை அறவே விடுதல் வேண்டும். அதுவும் வெள்ளை அணுக்களை ஓயாது தூண்டுவதாகும்.

7. காய்ச்சல் அல்லது தொற்று நேரும்போது சர்க்கரை ஏறுவது இயல்பு. உணவு குறைந்துவிட்டது என்று கருதி இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தாமல், மருத்துவரின் கருத்தைக் கேட்டு நடத்தல் வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. நாள்தோறும் சிறிது நேரமும் ஒழுங்குமே தேவை. நீரிழிவின் கேடுகள் பல்லாண்டுகள் ஓசையின்றிச் சேர்கின்றன. அவற்றிற்கான காப்பும் அவ்வாறே, இன்றைய நடையிலும் இன்றிரவு பாதத்தைப் பார்ப்பதிலும் சிறுகச் சிறுகச் சேர்கிறது.