வடமில்லாத் தொலைபேசி: பழுதை அறியும் முறை

நள்ளிரவில் இல்லத்தில் முதியவர் ஒருவருக்கு மார்வலி காண்கிறது. மருத்துவரை அழைக்க வீட்டார் தொலைபேசியை எடுக்கின்றனர். அதில் ஓசை எதுவும் கேட்கவில்லை. பகல் முழுவதும் செவ்வையாக இயங்கிய கருவி, வேண்டிய வேளையில் ஊமையாகிவிட்டது. பழுது கம்பியில் உள்ளதா, பெட்டியில் உள்ளதா, பாட்டரியில் உள்ளதா? அன்றி, மின்சாரம் நின்றதே காரணமா? இவ்வினாக்களுக்கு விடை காணும் முறையை முன்னதாகவே அறிந்திருத்தல் குடும்பத்தினர் அனைவருக்கும் நலம் பயக்கும்.

1. கருவியின் அமைப்பு

பொதுமக்கள் ‘கார்ட்லெஸ்’ என வழங்கும் வடமில்லாத் தொலைபேசி, பார்வைக்கு ஒரே கருவியாகத் தோன்றினும் உண்மையில் நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலியாகும். முதலாவது, வீட்டிற்கு வரும் தொலைபேசிக் கம்பி. இரண்டாவது, அக்கம்பியும் வீட்டு மின்சாரமும் வந்து சேரும் நிலைப்பெட்டி. மூன்றாவது, கையில் எடுத்துச் செல்லும் கைக்கருவியினுள் உள்ள பாட்டரி. நான்காவது, நிலைப்பெட்டிக்கும் கைக்கருவிக்கும் இடையே பேச்சை ஏந்திச் செல்லும் ரேடியோ அலைகள்.

இவற்றுள் ஒன்று அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். ஆகவே பழுது நேர்ந்தவுடன் புதிய கருவி வாங்க விரைதல் தகாது. கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக ஆராய்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது இதில் தலையாய விதி. இரண்டை ஒருசேர மாற்றினால், எதனால் பழுது நீங்கியது என்பது விளங்காமற் போகும்.

2. கம்பி

நிலைப்பெட்டியிலிருந்து தொலைபேசிக் கம்பியைக் கழற்றி, வடம் உள்ள சாதாரணத் தொலைபேசி ஒன்றில் அதைச் செருகுக. டயல் ஒலி கேட்கவில்லையெனில் குற்றம் நமது கருவியில் இல்லை. தொலைபேசி நிலையத்தாருக்கு அறிவித்தலே செய்யத்தக்கது. டயல் ஒலி கேட்குமாயின் கம்பி குற்றமற்றது. ஆராய்ச்சியை அடுத்த கண்ணிக்குக் கொண்டு செல்லலாம்.

செப்புக் கம்பியில் எந்நேரமும் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. மணி அடிக்கும்போது அது 75 வோல்ட் அளவிற்கோ அதற்கு மேலோ உயரும். எனவே கம்பியின் வெற்று முனைகளை விரலால் தொடுதல் கூடாது.

பேச்சில் இடைவிடாத இரைச்சல் கலந்திருப்பின், அதே செப்புக் கம்பியில் பிராட்பேண்ட் இணைப்பும் வருகிறதா என்று நோக்குக. பேச்சொலி வினாடிக்கு 300 முதல் 3,400 அலைவுகளுக்குள் அடங்குவது. பிராட்பேண்ட் சைகைகளோ 25,000 அலைவுகளுக்கு மேற்பட்டவை. இவ்விரண்டையும் பிரிக்கும் ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பெட்டி இல்லாவிடினும், பழுதுபட்டிருப்பினும் இரைச்சல் தோன்றும்.

3. நிலைப்பெட்டி

நிலைப்பெட்டியின் விளக்கு எரியவில்லையெனில், அடாப்டரை வேறொரு சாக்கெட்டில் செருகிப் பார்க்கவும். அடாப்டரே பழுதாயின் கைக்குக் கிடைத்த வேறொன்றைப் பொருத்துதல் தவறு. வோல்ட் அளவும் முனைகளின் ஒழுங்கும் பழையதை ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு பழையதற்குக் குறையலாகாது.

எண்களை அழுத்திய பின்னரும் டயல் ஒலி நிற்காமல் தொடர்வது மற்றொரு குறை. கருவி ‘பல்ஸ்’ முறையில் உள்ளதா, ‘டோன்’ முறையில் உள்ளதா என்று நோக்கி, ‘டோன்’ முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் இது தீரும்.

4. பாட்டரி

வடமில்லாத் தொலைபேசியில் மிகுதியாகக் காணும் குறைகள் பாட்டரியால் விளைவனவே. பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் எச்சரிக்கை ஒலி கேட்டுப் பேச்சு அறுபடுமாயின், பாட்டரி மூப்படைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

கைக்கருவிகள் பலவற்றில் 1.2 வோல்ட் நிக்கல் மின்கலங்கள் இரண்டோ மூன்றோ வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் கொள்ளளவு 600 மில்லி ஆம்பியர்-மணி என வைத்துக்கொள்வோம். பேசும்போது 60 மில்லி ஆம்பியர் செலவாகுமாயின், புதிய பாட்டரி 10 மணி நேரம் தாங்கும். பல ஆண்டு உழைப்பிற்குப் பின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், ஒரு மணி நேரத்திற்கு மேல் தாங்காது. பலகையில் ‘நிறைந்தது’ என்னும் குறி தோன்றுவதால் மட்டும் ஏமாறலாகாது. சிறு குவளையும் நிறைந்து காணப்படுவது இயல்பன்றோ?

ஆயினும் பாட்டரியை மாற்றுமுன், கைக்கருவியிலும் நிலைப்பெட்டியிலும் உள்ள உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கவும். அவற்றில் படிந்த அழுக்கு மின்னேற்றத்தைத் தடுத்திருக்கக்கூடும். புதிய பாட்டரியை, உடன்வரும் குறிப்பேடு கூறும் நேரம் வரை தொடர்ச்சியாக மின்னேற்றம் செய்க.

ஓர் எச்சரிக்கை: கடிகாரத்தில் இடும் சாதாரண மின்கலங்கள் வடிவில் ஒத்திருப்பினும் அவற்றைக் கைக்கருவியில் இடவே கூடாது. மின்னேற்றத்திற்கு உரியவை அல்லாத அவற்றினுள் மின்சாரம் செலுத்தப்படின், வாயு உண்டாகி அவை கசியவோ வெடிக்கவோ கூடும். பழைய மின்கலங்களில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் இருக்கலாம். அவற்றைக் குப்பையில் எறியாமல், 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளுக்கிணங்கத் தனியே சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும்.

5. ரேடியோ அலைகள்

நிலைப்பெட்டிக்கு அருகில் பேச்சு தெளிவாகவும், தொலைவில் விட்டுவிட்டும் கேட்குமாயின் குற்றம் அலைகளின் வழியில் உள்ளது. இரும்பு பீரோ, கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர், நிலைக்கண்ணாடி ஆகியவை அலைகளைத் தடுக்கும். நிலைப்பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, வீட்டின் நடுப்பகுதியில் வைத்தல் செலவற்ற மருந்தாகும்.

வினாடிக்கு 240 கோடி அலைவுகளை ஒட்டிய அலைவரிசையில் இயங்கும் கருவிகள், அதே பகுதியில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பாலும் வைஃபை பெட்டியாலும் இடர்ப்படும். அவற்றிலிருந்து நிலைப்பெட்டியை விலக்கி வைக்க வேண்டும். ‘டெக்ட்’ என்னும் ஐரோப்பிய முறையைச் சார்ந்த கருவிகள் 188 கோடி முதல் 190 கோடி அலைவுகள் வரையுள்ள தனிப்பகுதியில் இயங்குவன. அம்முறையில் பத்து அலைவரிசைகளும், ஒவ்வொன்றிலும் 12 பேச்சு வழிகளும் உள்ளன. இவ்வாறு அமையும் 120 வழிகளுள் இடையூறற்ற ஒன்றைக் கருவி தானே தேர்ந்துகொள்ளும்.

அருகில் வைத்தும் கைக்கருவி நிலைப்பெட்டியைக் கண்டுகொள்ளவில்லையெனில், இரண்டிற்கும் இடையிலான பதிவு அழிந்திருக்கலாம். குறிப்பேட்டில் கூறியவாறு மீண்டும் பதிவு செய்க.

6. மின்தடை வேளையில்

இனித் தொடக்கத்தில் கூறிய நள்ளிரவிற்குத் திரும்புவோம். மின்சாரம் நின்றவுடன் நிலைப்பெட்டி உறங்கிவிடும். கைக்கருவியின் பாட்டரி நிறைந்திருந்தும், பலகையில் ஒளி இருந்தும், அதனோடு பேச மறுமுனையில் எவரும் இலர். இது பழுதன்று, கருவியின் இயல்பு. செப்புக் கம்பியில் இணைந்த சாதாரணத் தொலைபேசியோ தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்தாலேயே இயங்குவதால், வீடு இருண்டிருப்பினும் பேசும்.

ஆனால் இன்று பல இல்லங்களுக்குத் தொலைபேசி கண்ணாடி இழை வழியே வருகிறது. இழையை ஏற்கும் பெட்டிக்கும் வீட்டு மின்சாரம் தேவை. அங்கே சாதாரணத் தொலைபேசியும் ஓய்ந்துவிடும். ஆதலால் அப்பெட்டிக்கும் நிலைப்பெட்டிக்கும் பாட்டரியுடன் கூடிய மாற்று மின்வசதி அமைத்தல் நன்று. கைபேசி உள்ளதே என்று இருந்துவிடலாகாது. அதன் பாட்டரியும் அவ்வேளையில் தீர்ந்திருக்கக்கூடும்.

இதனைச் சோதிக்க நிபுணர் எவரும் தேவையில்லை. மாதம் ஒருமுறை, பகல் வேளையில், வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் கேளுங்கள். டயல் ஒலி கேட்டால் அமைதியாக உறங்கலாம். கேட்காவிடில், இரவு வருமுன் அதனைச் சீர்செய்யப் போதிய பொழுது உள்ளது.