பனியன் துணியில் வான்கா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய டிசைன்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை சுத்தமாக இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் உனக்கு நன்றாகப் படிந்துவிட்டது. மீனாட்சி கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வான்காவின் ‘நட்சத்திர இரவு’ சுழல்கிறதே, அது விற்கவும் விற்கும். ஆனாலும் அதை ஸ்க்ரீன் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதே வேலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

சட்டத்தில் தடை எதுவும் இல்லை. வான்கா 1890இல் காலமானவர். அவருடைய ஓவியங்களை யாரும் எடுத்தாளலாம். என் மனக்குறை வேறு. அந்தச் சுழலில் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. படத்தை இறக்கி, இமேஜ் ட்ரேஸ் கொடுத்து, வந்த துண்டுகளைக் கோபுரத்துக்குப் பின்னால் விரித்திருக்கிறாய். ஒரே ஒரு சுழலையாவது பென்சிலால் போட்டுப் பார்த்திருந்தால், அவருடைய தூரிகை எங்கே வேகமெடுத்தது, எங்கே நின்று திரும்பியது என்று உன் மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கும். ஓவியர் பெயரைத் தட்டினால் அவர் பாணியில் படம் கொட்டும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றிலும் இதே குறைதான்: படம் வருகிறது, பாடம் வருவதில்லை.

நகலெடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வான்காவே நகலெடுத்தவர். 1887இல் பாரிஸில் இருந்தபோது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு தைல வண்ணத்தில் பிரதி செய்தார். கமேய்தோ என்ற இடத்துப் பிளம் தோட்டத்தை ஹிரோஷிகே 1857இல் அச்சாக்கியிருந்தார். வான்கா அதன்மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளை எடுத்து, கட்டம் போட்டு, அளவு பெருக்கிக் கான்வாஸுக்கு மாற்றினார். அந்தத் தாள் இன்றும் ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிறங்களை மட்டும் தன் கண்ணுக்கு ஏற்றபடி அழுத்தமாக்கிக்கொண்டார்.

இதற்கு அடுத்து நடந்ததை நீ கவனிக்க வேண்டும். 1888 நவம்பரில், தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில் இருந்தபோது, ‘விதைப்பவன்’ படத்தை வரைகிறார். முன்னால் ஒரு கரிய மரம் சாய்ந்து படத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. அதன் கிளைகள் விளிம்பில் அறுபட்டு நிற்கின்றன. பின்னால் பெரிய மஞ்சள் சூரியன், கீழே விதை தூவும் ஆள். பிளம் பூ இல்லை, ஜப்பான் இல்லை. ஹிரோஷிகே மட்டும் இருக்கிறார். கண்ணுக்கு மிக அருகில் ஒரு மரத்தை நிறுத்தி, அதன் இடுக்கு வழியாகத் தூரத்தைக் காட்டும் அந்த உத்தி, நகலெடுத்த கையில் தங்கிப்போய், ஒரு பிரெஞ்சு வயலில் வேறு உயிராக எழுந்துவிட்டது. அந்த நகல் அவருக்குப் பயிற்சி. அதிலிருந்து பிறந்த ‘விதைப்பவன்’ அவருடைய படைப்பு. நீ பயிற்சித் தாளையே அச்சுக்கு அனுப்பப் பார்க்கிறாய்.

யாரிடமிருந்து கற்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ‘நட்சத்திர இரவு’ தடித்த தைல வண்ணம். வண்ணத்தின் மேடு பள்ளத்தில் வெளிச்சம் விழுந்துதான் அந்த வானம் அசைகிறது. அதைத் தட்டையாக்கித் துணியில் இழுத்தால் மேடும் போய்விடும், அசைவும் போய்விடும். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பேரலை’ அப்படி இல்லை. 1831 வாக்கில் வந்த அந்தப் படம், பிறக்கும்போதே அச்சுக்காகப் பிறந்தது. கோட்டுக்கு ஒரு பலகை, நிறங்களுக்குத் தனித்தனிப் பலகை என்று செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். நம் பட்டறையில் நிறத்துக்கு ஒரு ஃபிலிம், ஒரு ஸ்க்ரீன் என்று பிரிப்பது இதே வேலைதான். அலையின் நுரை வெள்ளை, மை போட்ட இடமே இல்லை. தாளின் சொந்த வெள்ளை. கறுப்பு டீ-ஷர்ட்டில் துணியின் கறுப்பையே ஒரு நிறமாக நீ பயன்படுத்தினால் ஒரு ஸ்க்ரீன் மிச்சம், கைக்கும் மென்மை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1947இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ புத்தகமும் கத்தரித்த வண்ணத்தாள்களிலிருந்து ஸ்டென்சில் மூலம் அச்சானது. நம் ஸ்க்ரீனும் ஒரு ஸ்டென்சில்தானே. இந்த இரண்டு பேரையும் முதலில் படி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்களைத் தடையின்றி இறக்கிக்கொள்ளத் தருகிறது. ‘பேரலை’யும் அதில் உண்டு. நுரையின் விரல்கள் தெரியுமளவு பெரிதாக்கிப் பார்.

ஓவியர் மோன்ட்ரியன் உனக்கு எளிது என்று தோன்றும். கறுப்புக் கோடு, மூன்று நிறக் கட்டம். அவருடைய கோடுகள் எல்லாம் ஒரே கனம் இல்லை என்பதை முதலில் அளந்து பார். ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோராங் 1965இல் மோன்ட்ரியன் உடைகளைச் செய்தபோது துணியில் கட்டங்களை அச்சிடவில்லை. நிறநிறமான ஜெர்சித் துண்டுகளை வெட்டி இணைத்து, உடம்பின் வளைவைத் தையலுக்குள் மறைத்தார். அச்சில் அந்த வசதி உனக்குக் கிடையாது. சிங்கிள் ஜெர்சி துவைத்தபின் முறுக்கிக்கொள்ளும் என்பது திருப்பூரில் எல்லாருக்கும் தெரியும். பூவோ அலையோ என்றால் அது வெளியே தெரியாது. நேர்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கணினியில் உட்காரும்போது மூன்று அல்லது நான்கு ஸ்வாட்சை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கு. ட்ரேஸ் கொடுக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை நம்பாதே; பென் டூலை எடுத்து நீயே கோட்டை இழு. ஒரு பாயின்ட்டுக்கும் மெலிந்த கோடு மெஷ்ஷில் உடையும். அடர் நிறத் துணிக்கு வெள்ளை பேஸ் போடும்போது அதை மேல் நிறத்தைவிட மயிரிழை குறைத்து வை. இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். படத்தைப் படலத்தில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறை வந்தபின் நிறம் பிரிக்கவே வேண்டாம் என்பார்கள். சின்ன ஆர்டருக்கு அது நல்ல வழிதான். ஆனால் நெஞ்சு முழுக்க ஒரே படலமாக ஒட்டிய அச்சு காற்று விடாது, வெயிலில் போட்டவர் வியர்த்துப்போவார். குறைந்த நிறத்தில் யோசிக்கத் தெரிந்தவனுக்கு அங்கேயும் வழி கிடைக்கும், படத்துக்கு நடுவே துணியைத் திறந்துவிடுவான்.

நீ அனுப்பியதில் அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங்கின் குழந்தை உருவமும் இருக்கிறது. அதை உடனே எடுத்துவிடு. இந்தியாவில் ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஹாரிங் 1990இல் காலமானார், அதனால் 2050 முடியும் வரை அது நமக்கு இல்லை. பிக்காசோவுக்கு 2033 வரை, நம் நாட்டு ஓவியர் ஜாமினி ராய்க்கு 2032 வரை. மத்தீஸுக்கு இங்கே 2014உடன் முடிந்துவிட்டது. ஐரோப்பாவில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் 2024 முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் சரக்கு கடல் தாண்டிப் போவது, ஆகவே போய்ச்சேரும் நாட்டின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஹாரிங்கிடம் நீ எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் காலியான விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில், சாக்பீஸால், போகிற வருகிறவர்கள் கண்முன்னே வரைந்தவர். போலீஸ் வருமுன் முடிக்க வேண்டும். அந்த அவசரம்தான் அவருடைய கோட்டைத் தடித்ததாக, அழிக்காததாக ஆக்கியது. 1986இல் பாப் ஷாப் என்று கடை திறந்து தானே டீ-ஷர்ட் விற்றார். நம் துணியைத் தாழ்வாக நினைக்காத பெரிய கலைஞர். அண்டூவைத் தொடாமல் ஒரு கோபுரத்தை ஒரே மூச்சில் போட்டுப் பழகு, அந்தக் குழந்தையைத் தொடாமலே அவரிடம் படித்தவனாவாய்.

கோபுரத்தை விட்டுவிடாதே, அது உன் ஊர். இந்த முறை கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் போய் நில். தூண் ஒன்றை உன் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, அதன் விளிம்பு படத்தை வெட்டும்படி, இடுக்கில் கோபுரம் சின்னதாகத் தெரியும்படி கையால் வரை. பிறகு கணினிக்கு வா. கறுப்புத் துணிக்கு மூன்று ஸ்க்ரீனில் பிரித்து, ஃபிலிம்களைத் தனித்தனி பிடிஎஃப் ஆக எனக்கு அனுப்பு. நாலாவது நிறம் கட்டாயம் என்று பட்டால், அது எந்த இடத்துக்கு, ஏன் என்று ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்